ரேகையை அழிப்பது எப்படி?

உசிலம்பட்டி, செக்கானூரணிப் பக்கம் பெரியவர்களிடம் குற்றப் பரம்பரைச் சட்டத்தைப் பற்றிக் கேட்டால், அவர்கள் வாயில் முதலில் வருவது வேறு பெயர். 'ரேகைச் சட்டம்' என்பார்கள். சட்டம் போட்டவன் பார்வையில் அது ஒரு பரம்பரையைப் பற்றியது. சட்டத்துக்கு ஆளானவனுக்கோ அது தன் கட்டைவிரலைப் பற்றியது. மையில் தோய்த்து, காகிதத்தில் உருட்டி எடுத்த ரேகை கச்சேரியில் இருக்கிறது. அது இருக்கிறவரை நான் என் ஊரில் இருந்தாலும் பாதி ஜெயிலில்தான் இருக்கிறேன். அந்தப் பெயருக்குள் இவ்வளவும் இருக்கிறது.

குற்றப் பதிவை அழிப்பது பற்றி இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். கல்லூரிக் காலத்தில் போராட்டத்துக்குப் போய் வாங்கிய வழக்கு, ஊர்ச் சண்டையில் சேர்த்து எழுதப்பட்ட பெயர், விடுதலையான பிறகும் இணையத்தில் கிடக்கும் தீர்ப்பு. 'இதை எப்படி சார் எடுக்கிறது?' என்ற கேள்வி வக்கீல்களுக்கு வாடிக்கையாகிவிட்டது. இது தனிமனிதர்களின் கேள்வி. ஆனால் நம் ஊரில் லட்சக்கணக்கானோர் ஒட்டுமொத்தமாக இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைத்த பதில், இன்றைக்குத் தனியாக நின்று கேட்பவருக்கும் உதவும் என்று நினைக்கிறேன்.

*

சாதாரணமாகக் குற்றப் பதிவு எப்படி உருவாகிறது? ஒரு செயல் நடக்கிறது. புகார், விசாரணை, வழக்கு, தீர்ப்பு. கடைசியில் பதிவு. 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் இந்த வரிசையைத் தலைகீழாக்கியது. முதலில் பதிவு. அதற்குள் மனிதர்கள். குற்றம் ஏதாவது நடந்தால், ஏற்கெனவே எழுதி வைத்த பட்டியலில் ஆளைத் தேடிக்கொள்ளலாம்.

வட இந்தியாவில் தொடங்கிய இந்தச் சட்டம், 1911இல் திருத்தி எழுதப்பட்டபோது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. வேலை செய்யும் விதம் எளிமையானது. ஒரு சாதியை, ஒரு கூட்டத்தை, ஏன் ஓர் ஊர்க்காரர்களைக்கூட 'குற்றப் பரம்பரை' என்று மாகாண அரசு கெஜட்டில் அறிவிக்கும். மாவட்ட மாஜிஸ்திரேட் ஒரு ரெஜிஸ்டர் தயார் செய்வார். குறிப்பிட்ட நாளில் எல்லாரும் வந்து பெயர் கொடுக்க வேண்டும், ரேகை வைக்க வேண்டும். அதன் பிறகு குறித்த நேரத்தில் ஆஜர். வெளியூர் போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். மதுரைப் பக்கம் அதற்குக் கொடுத்த அனுமதிச் சீட்டுக்கு 'ராதாரிச் சீட்டு' என்று பெயர். பெண் கொடுத்த ஊருக்குப் போக, சந்தைக்கு மாடு பிடித்துக்கொண்டு போக, சாவு வீட்டுக்குப் போக, எல்லாவற்றுக்கும் சீட்டு. ஆண்கள் ராத்திரி கச்சேரியில் போய்ப் படுத்துவிட்டுக் காலையில் வீடு திரும்பிய கதைகள் இன்றும் அந்த ஊர்களில் உண்டு.

சரி, கோர்ட்டுக்குப் போக வேண்டியதுதானே? அங்கேதான் இந்தச் சட்டத்தின் சாமர்த்தியம். அறிவிப்பு செல்லுமா செல்லாதா என்று எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது என்று சட்டத்திலேயே எழுதி வைத்துவிட்டார்கள். ரெஜிஸ்டரில் தன் பெயர் தவறாக ஏறிவிட்டது என்று ஒருவர் முறையிடலாம். யாரிடம்? மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம். அதாவது ரெஜிஸ்டரைத் தயார் செய்தவரிடமே போய், என் பெயரை அடியுங்கள் என்று கேட்கலாம். வைப்பதும் அடிப்பதும் அவர் இஷ்டம்.

*

நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். அதனால் இந்த வரலாற்றில் ஓர் இடத்தில் எப்போதும் தடுக்கி நிற்பேன். 1897இல் கல்கத்தாவில் உலகின் முதல் கைரேகை அலுவலகம் தொடங்கியது. ரேகை ஆளுக்கு ஆள் வேறு என்பது முன்பே தெரியும். ஆயிரக்கணக்கான ரேகைச் சீட்டுகளில் ஒன்றைத் தேடி எடுப்பதுதான் சிக்கல். அதைத் தீர்த்தவர்கள் காஜி அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு வங்காளப் போலீஸ்காரர்கள். பத்து விரல்களின் வடிவத்தை எண்ணாக்கி, 1,024 அறைகள் கொண்ட அடுக்கில் ஒவ்வொரு சீட்டுக்கும் ஓர் இடம் கொடுத்தார்கள். புதிய ரேகை வந்தால் கணக்குப் போட்டு நேராக அந்த அறைக்குப் போகலாம். பெயரோ அவர்களின் அதிகாரி எட்வர்ட் ஹென்றிக்குப் போனது. இன்றும் அது 'ஹென்றி முறை'தான்.

கணினிப் பாடத்தில் ஹாஷ் டேபிள் படித்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். காகிதத்தில் செய்த இன்டெக்ஸ் அது. 1,024 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்கு அந்த இருவர் மேலும் பெரிய மரியாதை வந்தது. ஆனால் அந்த அலமாரியில் ஒரு விஷயம் இல்லை. சீட்டை உள்ளே போடவும் தேடவும் வழி செய்தாயிற்று. எப்போது வெளியே எடுத்து எரிப்பது என்று யோசிக்க யாருக்கும் அவசரமில்லை. பிரிட்டிஷ் ஆட்சி நமக்குக் கொடுத்துவிட்டுப்போன எல்லாப் பதிவேடுகளிலும் இந்தக் குணத்தைப் பார்க்கலாம். ஏற்றுவதற்கு ஒரு கிளார்க் போதும். இறக்குவதற்கு ஒரு தலைமுறை வேண்டும்.

*

பிரமலைக் கள்ளர்கள் இந்தச் சட்டத்துக்குள் எப்படி வந்தார்கள் என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' படித்தவர்களுக்கும் 'அரவான்' படம் பார்த்தவர்களுக்கும் ஓரளவு தெரிந்திருக்கும். ஊர்க்காவல் அவர்களுடைய தொழில். அதற்குக் கூலி உண்டு. களவு போன மாட்டை மீட்டுக் கொடுத்தால் துப்புக்கூலி. போலீஸ் என்ற புதிய காவல்காரனைச் சர்க்கார் கொண்டுவந்தபோது பழைய காவல்காரன் திருடனானான். காவலும் களவும் அந்த ஊர்களில் பின்னிக் கிடந்தது உண்மைதான். ஆனால் சட்டம் கேட்டது யார் திருடினான் என்பதை அல்ல, யார் பிறந்தான் என்பதை.

1914இல் கீழக்குயில்குடியில் ஆரம்பித்து, 1918இல் மதுரை மாவட்டக் கள்ளர்கள் எல்லாரையும் சட்டம் வளைத்தது. பெருங்காமநல்லூர்க்காரர்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். நாங்கள் விவசாயம் செய்கிறோம், எங்கள் மேல் என்ன வழக்கு இருக்கிறது என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் மேலே சொன்னேனே, அந்தச் சட்டத்தில் வழக்கு என்ற வார்த்தைக்கே வேலை இல்லை. 1920 ஏப்ரல் 3ஆம் தேதி விடிகாலையில் போலீஸ் ஊரைச் சூழ்ந்தது. துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் செத்தார்கள். அவர்களில் ஒருத்தி மாயக்காள். அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவள். பிடிபட்டவர்களைச் சங்கிலியில் பிணைத்துத் திருமங்கலம்வரை நடத்திக் கூட்டிப்போனார்கள் என்பது அந்த ஊரின் நினைவு.

ரேகை வைத்தால் என்ன, உயிரா போகும் என்று இன்று ஒருவர் கேட்கலாம். தினமும் பத்து இடத்தில் விரல் வைத்துப் பழகிய நமக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. அந்த ஊர்க்காரர்களுக்குப் பக்கத்து ஊர்களைப் பார்த்தே ஒன்று புரிந்திருந்தது. ஏறிவிட்டால் இறங்க முடியாது. அதனால்தான் ஏறும் இடத்திலேயே நின்றுவிட்டார்கள்.

*

இந்தக் கதைக்குள் ஒரு வக்கீல் வருகிறார். ஜார்ஜ் ஜோசப். 1887இல் செங்கன்னூரில் பிறந்த மலையாளக் கிறிஸ்தவர். சீமையில் படித்த பாரிஸ்டர். மதுரையில் வந்து தொழில் நடத்தியவர். 1918இல் ஆலைத் தொழிலாளர்களைச் சேர்த்து மதுரையில் சங்கம் அமைத்தார். ஒத்துழையாமை இயக்கத்தில் ஜெயிலுக்குப் போனார். 1924இல் வைக்கத்தில் கைதானார். கள்ளர்கள் அவரை 'ரோசாப்பூ துரை' என்று கூப்பிட்டார்கள். கோட்டில் ரோஜாப்பூ செருகியிருப்பாராம், அதனால் அந்தப் பெயர் என்று சொல்வார்கள். அந்த வட்டாரத்தில் பிள்ளைகளுக்கு ரோசாப்பூ என்று பெயர் வைக்கும் அளவுக்கு அவர் அவர்களின் ஆளானார்.

கோர்ட் கதவைச் சட்டமே பூட்டிவிட்டபோது ஒரு வக்கீல் என்னதான் செய்ய முடியும்? எனக்கு இந்த இடம் முக்கியமாகப் படுகிறது. மனு எழுதலாம். அதிகாரி பேசும் பாஷையில், அவர் தட்டிக்கழிக்க முடியாத மாதிரி எழுதலாம். இன்ன ஊரில் இத்தனை பேர் மேல் ஒரு வழக்கும் கிடையாது என்று காட்டலாம். தனித்தனி வழக்குகளில் ஆஜராகி, ராத்திரி ஆஜராகவில்லை என்பதற்காக ஜெயிலுக்குப் போகிறவனைக் காப்பாற்றப் பார்க்கலாம். பத்திரிகையில் எழுதலாம், மேடையில் பேசலாம். ஜார்ஜ் ஜோசப்பின் உதவி இந்த மாதிரியானதுதான். சட்டத்தை அவரால் தோற்கடிக்க முடியவில்லை. 1938இல் அவர் இறந்தபோது அது அப்படியே இருந்தது. ஆனால் எழுதத் தெரியாத ஒரு கூட்டத்தின் தரப்பு சர்க்கார் காகிதத்தில் ஏறியது. ரெஜிஸ்டருக்கு எதிராக இன்னொரு காகிதம் உருவாயிற்று.

மீதி வேலையைச் செய்தது அரசியல். 1920களின் கடைசியில் ராமநாதபுரம் ஜில்லாவில் ஆப்பநாட்டு மறவர்கள்மேல் சட்டம் பாய்ந்தபோது முத்துராமலிங்கத் தேவர் அதை எதிர்த்து ஊர் ஊராகப் போனார். காங்கிரஸ், கம்யூனிஸ்ட் என்று பல தரப்பிலும் குரல் எழுந்தது. கடைசியில் 1947இல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் மந்திரிசபை இருந்தபோது, சென்னை மாகாணத்தில் சட்டம் ரத்தானது. அனந்தசயனம் அய்யங்கார் தலைமையிலான குழு நாடு முழுக்க விசாரித்து அறிக்கை கொடுத்த பிறகு, 1952 ஆகஸ்ட் 31 அன்று இந்தியா முழுவதும் ரத்தாயிற்று. அந்த நாளை விடுதலை நாளாகக் கொண்டாடும் சமூகங்கள் வடக்கே நிறைய உண்டு. நாட்டுக்குச் சுதந்திரம் வந்து ஐந்து வருஷம் கழித்து வந்த சுதந்திரம்.

*

எங்கள் தொழிலில் 'சாஃப்ட் டிலீட்' என்று ஒன்று உண்டு. பயனர் டிலீட் பட்டனை அழுத்துவார். அவர் கண்ணுக்கு அது மறைந்துவிடும். பின்னால் டேட்டாபேஸில் வரி அப்படியே இருக்கும். 'அழிக்கப்பட்டது' என்று ஒரு குறி மட்டும் சேரும். அந்தக் குறியைக் கண்டுகொள்ளாமல் தேடினால் எல்லாம் திரும்ப வந்து நிற்கும்.

1947இல் நடந்தது கிட்டத்தட்ட இதுதான். குற்றப் பரம்பரைச் சட்டம் போன அடுத்த வருஷமே, 1948இல், சென்னை மாகாணத்தில் வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. பிறப்பை எடுத்துவிட்டு, திரும்பத் திரும்பத் தண்டனை பெற்றவர் என்று போட்டார்கள். காகிதத்தில் இது பெரிய மாற்றம், மறுக்கவில்லை. ஆனால் முந்தைய முப்பது வருஷமாகத் திரும்பத் திரும்பத் தண்டிக்கப்பட்டவர்கள் யார்? ராத்திரி ஆஜராகாததே குற்றம் என்றிருந்த காலத்தில் யார் பெயரில் தண்டனைகள் சேர்ந்திருக்கும்? பழைய ரெஜிஸ்டரில் விளைந்த வரிகள் புது ரெஜிஸ்டருக்குத் தகுதியாகின.

'ஜெய் பீம்' படத்தின் முதல் காட்சியை மறந்திருக்க மாட்டீர்கள். ஜெயில் வாசலில் விடுதலையாகி வருகிறவர்களிடம் சாதி கேட்பார்கள். சில சாதிக்காரர்கள் வீட்டுக்குப் போவார்கள். சிலரைத் தனியாக நிறுத்தி, முடிக்காத வழக்குகளை அவர்கள் தலையில் கட்டப் பங்கு பிரிப்பார்கள். வக்கீல் சந்துரு நடத்திய உண்மை வழக்கில் பாதிக்கப்பட்டது குறவர் சமூகம். படத்தில் அது இருளராக மாறியது. குறவரும் பழைய ரெஜிஸ்டரில் இருந்தவர்கள்தான். சட்டம் போய் நாற்பது வருஷம் கழித்தும் காவல் நிலையத்தின் ஞாபகத்தில் அந்த வரி இருந்தது.

2024இல்கூட உச்ச நீதிமன்றம் இதைப் பேச வேண்டியிருந்தது. அந்த வருஷம் மே மாதம், போலீஸ் வைத்திருக்கும் ஹிஸ்டரி ஷீட்டில் பின்தங்கிய, விளிம்புநிலைச் சமூகத்தவரின் பெயர்களை இயந்திரத்தனமாக ஏற்றக் கூடாது என்பதை மாநிலங்கள் உறுதிசெய்ய வேண்டும் என்றது. அக்டோபர் 3ஆம் தேதி, சிறைகளில் சாதி பார்த்து வேலை கொடுக்கும் விதிகளைச் செல்லாது என்று அறிவித்தது. சிறை விதிப் புத்தகங்களில் சில சமூகங்களை இன்னமும் பழக்கக் குற்றவாளிகளாகக் குறிப்பிட்டிருந்ததை அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. சிறைப் பதிவேட்டில் இருக்கும் 'சாதி' என்ற காலத்தையே நீக்கச் சொன்னது. ஒரு வரியை அல்ல, முழுக் காலத்தையும். 1871இல் தொடங்கிய அட்டவணையில் 153 வருஷம் கழித்து நடந்த திருத்தம்.

*

இனித் தனி ஆளுக்கு வருவோம். இன்று இந்தியாவில் ஒருவர் தன் குற்றப் பதிவை அழிக்கச் சட்டம் இருக்கிறதா? பொதுவாக அப்படி ஒரு சட்டம் இல்லை. அங்கங்கே ஜன்னல்கள்தான் இருக்கின்றன.

சிறார்களுக்கு ஒரு நல்ல ஜன்னல் உண்டு. 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, சிறுவயதில் செய்த தப்பு பிற்கால வாழ்க்கையைத் தடுக்கக் கூடாது என்கிறது. சில கொடுங்குற்றங்கள் தவிர, மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் பதிவையே அழிக்கச் சொல்கிறது. பெரியவர்களுக்கு, முதல் தகவல் அறிக்கையை ரத்து செய்யச் சொல்லி உயர் நீதிமன்றம் போகலாம். வழக்கு நடந்து விடுதலையாகலாம். ரேகை விஷயத்தில், பெருங்காமநல்லூர் நடந்த அதே 1920இல் வந்த கைதிகள் அடையாளச் சட்டத்திலேயே, விடுதலையானவரின் அளவுகளை அழிக்க வேண்டும் என்று ஒரு பிரிவு இருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2022ஆம் வருஷச் சட்டம் கருவிழி, ரத்தம்வரை எடுக்க இடம் கொடுக்கிறது. பதிவுகளை 75 வருஷம் வைத்திருக்கலாம் என்கிறது. முன்பு தண்டனை பெறாதவர் எல்லா முறையீடும் முடிந்து விடுதலையானால் அழிக்க வேண்டும். ஆனால் நீதிமன்றமோ மாஜிஸ்திரேட்டோ காரணம் எழுதி வேண்டாம் என்று சொல்லலாம். 75 வருஷம் என்பது ஏறக்குறைய ஒரு முழு ஆயுள்.

விடுதலை என்றாலும் எல்லா விடுதலையும் ஒன்றல்ல. தமிழ்நாட்டில் காவலர் வேலைக்கான விதிகளில், 'சந்தேகத்தின் பலன்' கொடுத்து விடுதலையானவர் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார். தீர்ப்பில் நீதிபதி எழுதும் ஒரு சொற்றொடர் ஒரு பையனின் வேலையைத் தீர்மானிக்கிறது. அதனால்தான் இங்கே வக்கீலின் உதவி வழக்கு முடிவதோடு முடிவதில்லை. எப்படி முடிகிறது என்பதிலும் அவருக்கு வேலை இருக்கிறது. வசதி இல்லாதவர்கள் ஒவ்வொரு மாவட்ட நீதிமன்றத்திலும் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேட்கலாம். நிறையப் பேருக்கு அது இருப்பதே தெரியாது.

இணையம் இன்னொரு சிக்கல். குற்ற வழக்கில் விடுதலையான ஒருவர், தீர்ப்பில் தன் பெயரை மறைக்கக் கோரிச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். சட்டம் வரட்டும் என்று 2021இல் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு மறைக்கச் சொன்னது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. மறக்கப்படும் உரிமை ஒரு பக்கம். நீதிமன்றத்தில் நடந்தது மக்களுக்குத் தெரிய வேண்டும் என்பது இன்னொரு பக்கம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஐடி வேலைக்குச் சேரும்போது பின்னணிச் சரிபார்ப்பு செய்யும் ஏஜென்சிக்கு மட்டும் இந்தத் தர்மசங்கடம் கிடையாது. பெயரைத் தட்டுவார்கள், வந்ததை அனுப்புவார்கள்.

ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். நமக்கு ரெஜிஸ்டர் போட்டுக் கொடுத்த பிரிட்டன், 1974இல் தன் சொந்த மக்களுக்காக ஒரு சட்டம் இயற்றியது. சிறிய தண்டனை பெற்றவர் சில வருஷம் ஒழுங்காக இருந்தால் அந்தத் தண்டனை 'தீர்ந்துபோனது'. பெரும்பாலான வேலைகளுக்கு விண்ணப்பிக்கும்போது அதைச் சொல்லத் தேவையில்லை. மனிதன் மாறுவான் என்பதைச் சட்டம் ஒத்துக்கொள்ள முடியும் என்பதற்கு அது சாட்சி. அந்த ஒப்புதலைப் பெரியவர்களுக்கு இங்கே ஒரு பொதுச் சட்டமாகக் கொடுத்ததில்லை.

*

அப்படியானால் எல்லாவற்றையும் அழித்துவிடுவதுதான் தீர்வா? சீர்மரபினர் கதை இங்கே வேறு பக்கம் திரும்புகிறது.

ரத்துக்குப் பிறகு பழைய 'குற்றப் பரம்பரை'யினரைத் தமிழில் சீர்மரபினர் என்றார்கள். தமிழ்நாட்டில் 68 சமூகங்கள். 1979இல் ஓர் அரசாணை, ஆங்கிலத்தில் 'டிரைப்' என்றிருந்ததைக் 'கம்யூனிட்டி' என்று மாற்றியது. டி.என்.டி. போய் டி.என்.சி. ஒரே ஓர் எழுத்துதானே? ஆனால் அந்த ஓர் எழுத்தைத் திரும்பக் கேட்டு நாற்பது வருஷம் போராடினார்கள். 2019இல் மத்திய அரசின் திட்டங்களுக்கு மட்டும் டி.என்.டி. சான்றிதழ் தரலாம் என்று ஆணை வந்தது. ஒரே சான்றிதழ் வேண்டும் என்று போராட்டம் தொடர்ந்தது.

முதலில் படித்தபோது எனக்கு இது விளங்கவில்லை. ரெஜிஸ்டரிலிருந்து வெளியே வர உயிர் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள், அந்த ரெஜிஸ்டரை ஞாபகப்படுத்தும் பெயரை ஏன் கேட்கிறார்கள்? சலுகைக்காக என்பது ஒரு பதில், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் விஷயம் அதோடு நிற்கவில்லை. 'சமூகம்' என்ற சொல் யாருக்கும் பொருந்தும். பழைய பெயரில்தான் சர்க்கார் எங்களுக்கு என்ன செய்தது என்ற சாட்சி இருக்கிறது. அதை எடுத்துவிட்டால், நாங்கள் ஏன் பின்தங்கினோம் என்ற கேள்விக்குப் பதில் காணாமல்போய், எங்கள் புத்தியில்தான் கோளாறு என்றாகிவிடும்.

ஆக, பதிவேட்டில் இரண்டு விதமான வரி இருக்கிறது. இவன் குற்றவாளி என்பது ஒன்று. இவனைக் குற்றவாளி என்று எழுதினோம் என்பது இன்னொன்று. முதல் வரி மனிதனைப் பற்றியது. அது அழிய வேண்டும், அதுவும் சாஃப்ட் டிலீட் இல்லாமல் நிஜமாகவே. இரண்டாவது வரி அரசைப் பற்றியது. அது இருக்க வேண்டும். நம் அலுவலகங்களில் பெரும்பாலும் நேர் எதிராக நடக்கிறது: குற்றம் சாட்டிய காகிதம் பத்திரமாக இருக்கும், யார் எழுதினார், ஏன் எழுதினார் என்ற ஃபைல் கரையான் அரித்துப்போயிருக்கும்.

பொய் வழக்கில் விடுதலையான ஒரு பையன் தன் பெயரை எடுக்கச் சொல்லி மனுப் போடும்போதும் இதே இரண்டு வரிகள்தான் மேஜையில் இருக்கின்றன. அவன் பெயர் போகட்டும். பொய் வழக்குப் போட்ட நிலையம், தேதி, அதிகாரியின் கையெழுத்து எல்லாம் இருக்கட்டும். அப்படி எழுதப்பட்ட ஒரு சட்டம் நமக்கு இன்னும் வரவில்லை. வந்தால் அதைக் கொண்டாட முதல் தகுதி உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர்களுக்கு உண்டு.

பெருங்காமநல்லூரில் ஒரு நினைவுத் தூண் இருக்கிறது. ஒவ்வொரு ஏப்ரல் 3ஆம் தேதியும் அங்கே மாலை போடுகிறார்கள். ரெஜிஸ்டரில் பெயர் ஏற்ற மறுத்துச் செத்த 16 பேரின் பெயர்களை இன்று அந்த ஊரே தானாகச் சொல்கிறது. யாரும் ரேகை கேட்கவில்லை.